‘காலு நிக்குது’ பிறந்த மூன்றாவது மாடி

ஆடி மாதம். காலை பதினொன்று இருக்கும். தி. நகரில் எங்கள் துணிக்கடையின் மூன்றாவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான். முதலாளி மகளாக இருந்தாலும் படிதான் என்பது அப்பா போட்ட சட்டம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவர் ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிட்டார் கேட்டது. கரகரவென்று, கொஞ்சம் சுருதி சேராமல், கோபமாக. அட, நல்லாயிருக்கே என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம்தான் அது என் கிட்டார் என்று புரிந்தது. அடுத்து என் குரல் வந்தது.

மீதிப் படிகளையும் ஏறினேன். மூன்றாவது மாடி காட்டன் புடவைப் பிரிவு. மெரூன் நிறச் சீருடைப் புடவையில் பதினான்கு பெண்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை மூடும்வரை நிற்பார்கள். பல்லவி வந்ததும் புடவை மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. ‘படுத்தாலும் காலு நிக்குது’ என்று நான் ஸ்பீக்கரில் கத்துகிறேன். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கிறாள். ஒரே ஒருத்தி மட்டும் எதையோ தேடுவதுபோலக் கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

அவள் பொன்செல்வி. அந்தப் பல்லவி அவளுடையது. அது அப்பாவுக்குத் தெரிந்தால் அன்று சாயங்காலமே அவள் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பாட்டு நன்றாகத்தான் ஒலித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ராக் பாடும் அண்ணாச்சி மகள்

என்னை இந்தத் தொடரில் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரே ஒரு ஷட்டர் வைத்த கடையில் ஆரம்பித்து, ஐந்து மாடி கட்டியவர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சிரிப்பார், ஆனால் கணக்குப் பார்த்துச் சிரிப்பார்.

அவருடைய ஒரே மகள் முத்துலட்சுமி எம்.பி.ஏ. படித்துவிட்டு பில்லிங்கில் உட்காருவாள் என்று எதிர்பார்த்தார். எம்.பி.ஏ. படித்தேன். பில்லிங்கிலும் உட்கார்ந்தேன். மீதி நேரத்தில் ‘ஈரச் சுவர்’ என்ற ராக் குழுவில் பாடினேன்.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்றால் என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டார். சினிமாவில் வராத பாட்டு என்றேன். “அப்ப எதுக்குப் பாடுதீங்க?” என்றார். நல்ல கேள்வி.

குழுவில் மூன்று பேர். நான் பாட்டும் கிட்டாரும். பேஸ் கிட்டார் ஸ்ரீராம். மயிலாப்பூர்க்காரன், ஏழு வருடம் வயலின் கற்று அதை மறக்க ஏழு வருடம் எடுத்துக்கொண்டவன். டிரம்ஸ் இம்தியாஸ். ராயப்பேட்டையில் அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பஞ்சு மெத்தைக் கடை. எங்கள் ஸ்டுடியோவும் அந்தக் கடைதான்.

சிரிக்காதீர்கள். சென்னையில் அதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்குத் தெரியாது. நான்கு சுவருக்கும் மெத்தைகளைச் சாய்த்து நிறுத்திவிட்டால் வெளியே பஸ் ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு நான்கு மணிவரை கடைக்கு விடுமுறை. அந்த இரண்டு மணி நேரம்தான் எங்களுக்கு. பஞ்சுத் தூசியில் ஸ்ரீராம் தும்முவான். ‘காலு நிக்குது’ பாட்டின் கடைசி நொடியில் இரண்டு தும்மல் இருக்கின்றன. எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டோம்.

அவள் சும்மா சொன்னது

எங்கள் தெருக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி எந்த ஊரோ அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்கள்தான் வேலைக்கு வருவார்கள். கடையே விடுதி வைத்துச் சாப்பாடு போடும். ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள் என்பதால் ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவது. எங்கள் விடுதியில் அப்போது மூன்று பொன்செல்விகள். நான் சொல்வது திசையன்விளைப் பொன்செல்வி.

கெட்டிக்காரி. தபால் வழியில் பி.காம். கடைசி வருடம். வீட்டில் தாய்மாமன் மகனை முடிவு செய்து வைத்துக்கொண்டு, வேலையை விட்டு எப்போது வருவாள் என்று காத்திருந்தார்கள். பட்டம் வாங்காமல் ஊர்ப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று அவள் இங்கே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது புகாரோடு ஒரு கடை வெளியே அனுப்பினால், தெருவில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். முதலாளிகள் எல்லோரும் சொந்தக்காரர்கள், இல்லையென்றால் சம்பந்திகள்.

ஒரு மதியம் கூட்டம் குறைந்திருந்தபோது, கால் வலிக்காதா என்று அவளிடம் கேட்டேன். அக்கறையெல்லாம் இல்லை, பேச்சுக்குக் கேட்டதுதான். அவள் ஒரு புடவையை நீவிக்கொண்டே சொன்னாள்:

“வலியெல்லாம் மொத வருசந்தாங்க்கா. இப்ப வேற மாரி. படுத்தாலும் காலு மட்டும் நின்னுக்கிட்டே இருக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த புடவையை எடுத்துவிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து வருடமாகப் பாட்டு எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை.

அந்த வெள்ளிக்கிழமையே மெத்தைகளுக்கு நடுவில் மெட்டுப் போட்டோம். இம்தியாஸ் முதலில் கேட்டுவிட்டு, “இன்னா முத்து இது, எங்க கடைலயும் இப்டித்தான் கீது, யாராச்சும் பாடுனாங்களா?” என்றான். பிறகு டிரம்ஸில் ஒரே இடத்தில் நின்று மிதிப்பதுபோல ஓர் அடி கண்டுபிடித்தான். பாட்டு முழுக்க அந்த அடி மாறவே மாறாது. கேட்பவருக்குக் கால் கடுக்க வேண்டும் என்றான். கடுத்தது.

பெயர் போட்ட பெருமை

இனி என் முட்டாள்தனம்.

எங்களைப் போன்ற குழுக்களுக்கு ஒரு வீம்பு உண்டு. சினிமாப் பாட்டில் வாசித்தவன் பெயரும் வராது, யோசனை சொன்னவன் பெயரும் வராது, நாம் அப்படியில்லை என்று மார்தட்டுவோம். டீ வாங்கி வந்தவருக்கும் நன்றி போடுகிற கூட்டம் நாங்கள்.

ஸ்ரீராம் மட்டும் கொஞ்சம் தயங்கினான். “எங்காத்துலயே நான் வாசிக்கறத யார்ட்டயும் சொல்லமாட்டா. நீ அந்தப் பொண்ணு பேரப் போடணும்ங்கற. பேசாம குழுப் பேர மட்டும் போட்டுடலாமே” என்றான். நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் வரியை எடுத்துக்கொண்டு பெயரை மறைப்பதா என்று பெரிய பிரசங்கமே செய்தேன்.

பொன்செல்வியிடம் கேட்டுத்தான் போட்டேன். சந்தோஷப்பட்டாள். ஊர்ப் பெயரையும் போடச் சொன்னாள், இல்லாவிட்டால் மற்ற இரண்டு பொன்செல்விகளும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வார்களாம். பாட்டு இணையத்தில் வெளியானபோது அதன் கீழே முதல் வரியாக ‘பல்லவி: பொன்செல்வி, திசையன்விளை’ என்று வந்தது. அதற்குக் கீழேதான் என் பெயர்.

தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கும் யாரும் அந்த ஒரு வரியைப் படித்தால், எந்தக் கடை, எந்த மாடி என்பதுவரை சொல்லிவிடுவார்கள். முகவரி எழுதித் தபாலில் போட்டதுபோல வேலை செய்திருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் பாட்டையெல்லாம் எங்கள் தெருவில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

அர்த்தம் கண்டுபிடித்தவர்கள்

முதல் வாரம் பாட்டைக் கேட்டவர்கள் அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். பாதிப் பேர் ஸ்ரீராமின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள்.

பிறகு ஓர் இணைய இதழில் விமர்சனம் வந்தது. நவீன நகரவாசியின் இருத்தலியல் அயர்ச்சியைப் பாடல் படிமமாக்குவதாக எழுதியிருந்தார்கள். நிற்கும் கால் என்பது நகர மறுக்கும் காலத்தின் குறியீடாம். பொன்செல்விக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவிய நின்னு பாத்ததே இல்ல போலுக்கே” என்றாள். இன்றுவரை எனக்குப் பிடித்த இசை விமர்சனம் அதுதான்.

அடையாறில் ஒரு காபிக் கடையில் வாசித்தோம். கண்ணை மூடித் தலையாட்டினார்கள், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர், தினமும் காலை தங்கள் ஆபீசில் நின்றுகொண்டே நடத்தும் மீட்டிங்கைப் பற்றியா பாடினோம் என்று ரகசியமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், அவருக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா?

பாட்டை உண்மையில் தூக்கியவர்கள் நிற்கிறவர்கள்தான். கிண்டியில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கும் பெரியவர் தன் ஷூவை மட்டும் படம்பிடித்து, எங்கள் பாட்டைச் சேர்த்துப் போட்டார். அதைப் பார்த்து ஒரு நர்ஸ் தன் வெள்ளைச் செருப்பை. அப்புறம் டிராஃபிக் கான்ஸ்டபிள், பரோட்டா மாஸ்டர், பஸ் கண்டக்டர், பள்ளி ஆசிரியை. முகமே இல்லை, வெறும் கால்கள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மட்டும், நாங்க உக்காந்துதான் விக்கிறோம், எங்க இடுப்புக்கு ஒரு பாட்டு போடு என்று சண்டைக்கு வந்தார். நியாயமான கோரிக்கை. இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. அதற்கும் எங்கள் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இம்தியாஸ் மேடையில் சம்பந்தம் இருப்பதுபோலத்தான் பேசுவான், நம்பாதீர்கள்.

இப்படி ஊரெல்லாம் சுற்றிய பாட்டு கடைசியில் எங்கள் கடைக்கும் வந்தது. ஸ்பீக்கரில் பாட்டுப் போடுபவருக்குப் பாட்டு ஹிட்டா என்பது மட்டும்தான் கணக்கு. அவர் போட்டார். நான் படியில் நின்றேன்.

காலு யாருது?

மூன்றாவது மாடிக்கு சூப்பர்வைசர் ஞானதுரை. இருபது வருடமாக எங்கள் கடையில் இருப்பவர். யாராவது சுவரில் சாய்ந்தால்கூட அவர் கண்ணில் பட்டுவிடும். அவருக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. ரிங்டோனாக வைக்கலாம் என்று போனில் தேடி எடுத்தார். பாட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். ஒருமுறை பொன்செல்வியைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கையில் பிடித்தபடி அப்பாவின் அறைக்கு இறங்கிப் போனார்.

கால் மணி நேரத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

அப்பா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். போன் மேசைமேல் இருந்தது. பாட்டை முழுவதும் கேட்டிருந்தார் போலிருக்கிறது, தும்மல்வரை. மகள் பாட்டை அவர் கேட்டது அதுதான் முதல்முறை. நன்றாக இருந்ததா என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்கான நேரமா அது?

“ஏட்டி, அவ பேரு மேல இருக்கு, ஒம்பேரு கீழ இருக்கு. இத யாரு எழுதுனது?” என்றார்.

கடைப் பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் மேலே என்பதற்காக எங்கள் தெருவில் அண்ணன் தம்பிகள் பிரிந்திருக்கிறார்கள். அவர் கண்ணுக்கு முதலில் அதுதான் பட்டிருக்கிறது.

எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. நான்தான் எழுதினேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் போதும். மகளை ஊருக்கு பஸ் ஏற்ற முடியாது. பொன்செல்வி பி.காம். முடிப்பாள்.

“நாந்தாம்ப்பா எழுதுனேன். சும்மா ஒரு ஸ்டைலுக்கு அவ பேரப் போட்டேன்” என்றேன்.

பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. பில்லில் தவறு கண்டுபிடித்தவள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“இல்ல அண்ணாச்சி. பாட்டு அக்காவுது. அந்த வார்த்த நாஞ்சொன்னது. காலு என்னுது.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அவளிடமிருந்த ஒரே ஒரு வரியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஸ்ரீராமிடம் அவ்வளவு பிரசங்கம் செய்த வாயால்.

அப்பா போனை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். அறை வாசலில் ஞானதுரை நின்றார். ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது.

“உக்காரு” என்றார் அப்பா.

நான் நாற்காலியை இழுத்தேன். உன்னையில்லை என்பதுபோலக் கையைக் காட்டினார். பொன்செல்விக்குப் புரிய நேரமானது. சரக்குக் கொண்டுவரும் வியாபாரிகள் உட்காரும் நாற்காலி அது. கடை ஆட்கள் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் நுனியில் உட்கார்ந்தாள். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“இப்ப என்ன வேணும் ஒனக்கு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆளுக்கு ஒரு ஸ்டூல் போதும் அண்ணாச்சி. சாயுற சேர் வேண்டாம், தூங்கிருவோம்.”

அப்பாவின் மீசை அசைந்தது. சிரித்தாரா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எத்தனை பேர் என்று கேட்டார். பதினாலு என்றாள். ஸ்டூல் வரும், ஆனால் வாடிக்கையாளர் வந்து நின்றால் எழுந்துவிட வேண்டும், எழாமல் ஒருத்தியைப் பார்த்தாலும் ஸ்டூலும் போகும், அவளும் போவாள் என்று சொன்னார். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னைப் பார்த்து, “ஒனக்குப் பாட வேற கடையே கெடைக்கலையா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பாட்டைக் கடை ஸ்பீக்கரில் போடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். ஊரெல்லாம் பாடிய பாட்டுக்கு ஒரே ஓர் இடத்தில் தடை, அதுவும் என் வீட்டுக் கடையில். ராக் பாடகிக்கு அதைவிடப் பெரிய விருது வேண்டுமா?

மயிலாப்பூர் மாமி வந்த வியாழக்கிழமை

ஸ்டூல்கள் வந்தன. நீல நிற பிளாஸ்டிக். இரண்டு நாள் யாரும் உட்காரவில்லை. ஞானதுரை பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி உட்காருவார்கள்? ஒருத்தி உட்காருவாள், அவர் இருமுவார், எழுந்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொன்செல்விதான் என்னைத் தடுத்தாள். நீங்க பேசாதீங்க, அதுவா சரியாகும் என்றாள்.

மூன்றாவது நாள் மதியம் நான் அங்கேதான் இருந்தேன். பொன்செல்வி உட்கார்ந்து விலைச் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். மடிசார் கட்டிய ஒரு மாமி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவள் கவுண்டர் முன்னால் நின்றார். மயிலாப்பூரிலிருந்து வருகிறாராம், அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வைத்துக்கொடுக்கப் புடவைகள் எடுக்க வேண்டுமாம்.

பொன்செல்வி எழவில்லை. மறந்துவிட்டாளா, காலே வரவில்லையா, வேண்டுமென்றேவா? இன்றுவரை அவளிடம் நான் கேட்டதில்லை. ஞானதுரை இருமினார். அப்போதும் எழவில்லை.

மாமி இடுப்பில் கை வைத்தார். “ஏண்டிம்மா, நான் நின்னுண்டிருக்கேன், நீ உக்காந்துண்டிருக்கியே” என்றார்.

பொன்செல்வி பக்கத்துப் பெண்ணின் ஸ்டூலைக் கவுண்டருக்கு வெளியே தள்ளினாள். “நீங்களும் உக்காருங்கம்மா. நெறைய எடுக்கணும்லா?”

மாமி ஸ்டூலைப் பார்த்தார். பொன்செல்வியைப் பார்த்தார். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார். அந்த மாம்பழக் கலரை எடு என்றார்.

அதே நேரம் ஞானதுரையின் மேசையில் இன்டர்காம் அடித்தது. மாடிக்கு மாடி கேமரா. கீழே அறையில் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பதிமூன்று பெண்களும் திரும்பினார்கள். ஞானதுரை எழுந்து நின்று போனை எடுத்தார். சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்றார். வைத்தார்.

பொன்செல்வி புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, விரிக்காமல், அவரையே பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று கத்தப்போனேன்.

ஞானதுரை யாரையும் பார்க்காமல் மூலையிலிருந்த ஃபேன் பக்கம் போனார்.

“அந்தம்மா பக்கமாத் திருப்பி வைக்கணுமாம்” என்றார். “அப்பதான் ரெண்டு பேருக்கும் காத்து வருமாம்.”